துவைக்காத துணி ஒன்று

என்னிடம் நாயை விட்டுவிட்டு வெளியூர் போகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருக்கிறேன். வீட்டில் அந்த நாய்க்கு யார் மேல் அதிகப் பிரியமோ, அவர் உடுத்திக் கழற்றிய துணி ஒன்று வேண்டும். துவைக்கக் கூடாது. இதைக் கேட்டு வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அழுக்குத் துணியை அடுத்தவர் கையில் கொடுப்பதா என்று ஆட்கள் கூசிப்போகிறார்கள். ஒருவர் கடைச் சீட்டைக்கூடக் கிழிக்காத புதுத் துண்டோடு வந்தார். ஓர் அம்மாள் நான் போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு, தன் பழைய புடவை ஒன்றைத் தேடி எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தார். அதை நாய் மோந்து பார்த்துவிட்டு, அதன் மேல் காலைத் தூக்கியது.

அந்த நிபந்தனையை ஒரே ஒரு முறை மீறினேன். மீறியது நாயை விட்டவர்கள் இல்லை, நான்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற வழியில், கொஞ்சம் உள்ளே தள்ளி, சுற்றுச்சுவர் வைத்த பழைய வீடு ஒன்றில் இருக்கிறேன். பின்பக்கம் ஏழு அறைகள், ஒரு முற்றம், ஒரு பெரிய இரும்புக் கேட். ஊரார் இதற்கு நாய் ஹாஸ்டல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் வேலைக்கு என் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் நாய்க்கு ஆயா. சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு தடவை சொல்வார்கள்.

அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வந்ததில்லை. கடலூர் சிதம்பரம் தடத்தில் கண்டக்டராக இருந்தவர். நான் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்ததும், ஆலப்பாக்கத்தில் ஏறுகிறவரிடமும் முட்லூரில் இறங்குகிறவரிடமும் என் மகள் மாட்டு டாக்டராகப் போகிறாள் என்று சொல்லிவைத்துவிட்டார். கவுன்சிலிங்குக்குக் காத்திருந்த மாதங்களில், மஞ்சக்குப்பத்தில் ஒரு பிராணிகள் கிளினிக்கில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். முன்கூட்டியே பழகிக்கொள்ளட்டும் என்று நினைத்தார். அங்கே எனக்கு மேஜை துடைக்கிற வேலை, ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்கிற வேலை.

ஒருநாள் கிழட்டு பொமரேனியன் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சிறுநீரகம் போய்விட்டது, கடைசி ஊசி போடத்தான் வந்திருந்தார்கள். பார்க்க முடியாது என்று வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றுகொண்டார்கள். டாக்டர் நல்ல மனிதர், வலிக்காமல் செய்தார், தலையைத் தடவிக் கொடுத்தார். அதற்குள் கன்று திரும்பிக் கிடக்கிறது என்று ஒரு கிராமத்திலிருந்து போன் வர, கையைக் கழுவிக்கொண்டு ஓடினார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் முக்கால் மணி நேரம் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. வைத்தியம் தெரிந்தவர் அடுத்த உயிரிடம் போயாக வேண்டும், அது அவர் குற்றமில்லை. போகாமல் கூட இருப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும் இல்லையா என்று அங்கே உட்கார்ந்தபடி யோசித்தேன். அந்த ஆள் நான்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பதினேழு வயதில் எல்லாவற்றையும் அன்றைக்கே முடிவு செய்துவிட முடிகிறது.

கவுன்சிலிங்குக்குப் போகவில்லை. காரணத்தைச் சொன்னபோது அப்பா கத்தவில்லை. சட்டையில் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஊசி போடறவன டாக்டருன்னு கூப்புடுவான். புடிச்சிக்கிறவள என்னான்னு கூப்புடுவான்?"

அதன் பிறகு ஒரு மாதம் பேச்சில்லை. நான் அவர் பஸ்ஸிலேயே ஏறினாலும் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். நான் சென்னையில் ஒரு நாய்கள் காப்பகத்தில் மூன்று வருடம் வேலை கற்றுக்கொண்டேன். குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, பயந்த நாயின் பக்கத்தில் எப்படி உட்காருவது என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக இந்தத் துவைக்காத துணி விஷயம். நாய்க்கு வீடு என்பது சுவரும் கூரையும் இல்லை, ஆளின் வாசனைதான். அதை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டால், எங்கே கிடந்தாலும் சோறு தின்னும், தூங்கும். திரும்பி வந்ததும் சிதம்பரத்தில் இடம் பிடித்தேன். துணைக்கு அம்மா வந்தாள். அப்பா கடலூரிலேயே இருந்துகொண்டார்.

சிதம்பரத்தில் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ரிட்டையரான தம்பதிகள், பிள்ளைகள் வெளிநாட்டில். மகளுக்குப் பிரசவம் என்றால் ஊறுகாயும் பிரசவ லேகியமும் கட்டிக்கொண்டு ஆறு மாதத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். நாயை என்ன செய்வது என்பது விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம்தான் நினைவுக்கு வரும். சாரும் டீச்சரும் அப்படி வந்தவர்கள்தான்.

சார் பேங்கில் இருந்தவர், டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். அவர்களுடையது பிச்சாவரத்தில் படகு ஏறுகிற இடத்தில் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அதைச் சார் மச்சான் என்றுதான் கூப்பிடுவார். வாடா மச்சான், உக்கார்றா மச்சான். எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லாத குறையை இவர் இப்படித் தீர்த்துவைத்துவிட்டார் என்று டீச்சர் சலித்துக்கொள்வார். ஆனால் அந்தச் சலிப்பில் ஒரு பெருமை இருக்கும்.

என் நிபந்தனையைச் சொன்னதும் சார் மட்டும்தான் விளக்கம் கேட்கவில்லை. செய்தித்தாளில் சுருட்டி ஒரு கைலியைக் கொடுத்தார். நீலக் கட்டம் போட்டது. மூன்று நாளாகக் கட்டியது, டீச்சரிடம் சொல்லிவிடாதே என்றார். டீச்சர் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். வெட்கத்தில் அவர் முகம் சிவந்துவிட்டது, மானத்தை வாங்குகிறாரே என்று முணுமுணுத்தார். மச்சான் அந்தக் கைலியைப் பல்லில் கவ்விக்கொண்டு தன் அறைக்குப் போய், இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் படுத்துக்கொண்டது.

வீட்டில் அவர் அதை நடக்கக் கூட்டிப்போகிற நேரம் மாலை ஐந்தே முக்கால். அங்கே போன பிறகு அந்த நேரத்துக்கு வீடியோ காலில் வருவார். அவருக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். தலையில் குரங்குக் குல்லாவோடு, மச்சான் சாப்ட்டியாடா என்பார். மச்சான் முதலில் போனை மோந்து பார்க்கும். பிறகு எழுந்து போனுக்குப் பின்பக்கம் வந்து, அவர் அங்கே ஒளிந்திருக்கிறாரா என்று தேடும். அதைக் காட்டச் சொல்லிக் காட்டச் சொல்லிச் சார் சிரிப்பார். பேரன் பிறந்த அன்றைக்குக்கூட அவர் அழைக்கத் தவறவில்லை.

மார்கழியில் இரண்டு நாள் அழைப்பு வரவில்லை. மூன்றாம் நாள் அவருடைய மகள் பேசினாள். பனியில் நடக்கப் போனவர் வழியில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். தகனம் அங்கேயே முடிந்துவிட்டது, அஸ்தியோடு அம்மா வருவாள், அதுவரை மச்சானைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பார்த்துக்கறேன் என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு மச்சான் எழுந்தது. என்னிடம் வரவில்லை, போன் இருக்கிற மேஜைக்கும் போகவில்லை. நேராகக் கேட்டுக்குப் போய் நின்றது. கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தது. பிறகு வாலை ஆட்டத் தொடங்கியது. தெரியாதவர்களுக்கு ஆட்டுகிற ஆட்டு இல்லை. இடுப்பும் சேர்ந்து நெளிய, மடிந்த காது பின்னால் போக, வீட்டுக்காரருக்கு மட்டும் ஆட்டுகிற ஆட்டு. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு காலியாக இருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் அம்மாவும் பார்த்துவிட்டாள். கையில் இருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"அவரு துணி இங்க கெடக்குதில்ல. அதான் வர்றாரு. தண்ணில அலசிப் போட்றுடி."

செத்தவர் உடுத்திய துணி வீட்டில் கிடந்தால் உயிர் அதைத் தேடி வரும், நனைத்துவிட்டால் பாதை தெரியாமல் போய்விடும் என்பது அம்மாவின் கணக்கு. நான் அவளைக் கடிந்துகொண்டேன். நாய்க்கு நேரப் பழக்கம், ஐந்தே முக்கால் ஆனால் எழுந்து நிற்கிறது, இதில் பேய் பிசாசு எங்கே வந்தது என்று பெரிய படிப்பாளி மாதிரி பேசினேன். நான்காம் நாள் நான் மட்டும் முற்றத்தில் தனியாக இருந்தேன். மச்சான் கேட்டிலிருந்து திரும்பியது. அண்ணாந்து, தன் பக்கத்தில் மனிதர் ஒருவரின் முகம் இருக்கக்கூடிய உயரத்தைப் பார்த்தபடியே, மெல்ல மெல்ல நடந்து வந்தது. யாரோடோ சேர்ந்து நடக்கிறபோது நாய் அப்படித்தான் நடக்கும். முற்றத்தைத் தாண்டி, என்னைத் தாண்டி, தன் அறைக்குள் போய்க் கைலியின் மேல் படுத்துக்கொண்டது. மற்ற ஆறு நாய்களில் ஒன்றும் குரைக்கவில்லை.

பயந்துவிட்டேன். அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை மச்சானை முற்றத்தில் விட்டுவிட்டு, கைலியை எடுத்து சோப்புப் பொடியில் ஊறப்போட்டு, கல்லில் அடித்து, இரண்டு முறை அலசிக் கொடியில் காயப்போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அம்மா அப்போது எழுந்திருக்கக்கூட இல்லை. ஊருக்கெல்லாம் துவைக்காதே துவைக்காதே என்று பாடம் எடுக்கிறவள், விடிந்தும் விடியாததுமாக அந்த வேலையைச் செய்தேன்.

மச்சான் கொடிக்கு வந்தது. சொட்டிக்கொண்டிருந்த துணியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மோந்து பார்த்தது. மறுபக்கம் போய், அங்கேயும் முனையிலிருந்து முனை வரை மோந்தது. பிறகு கீழே சொட்டியிருந்த தண்ணீரை மோந்தது. அதற்குப் பிறகு திரும்பி என்னைப் பார்த்தது. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எங்கே வைத்தாய் என்று கேட்கிற மாதிரி பார்த்தது.

அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு அது எழுந்திருக்கவில்லை. அம்மா சொன்னது பலித்துவிட்டது. அவள் நிம்மதியாக விளக்கேற்றினாள். மச்சான் சோற்றைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. முட்டை, கோழி ஈரல், பால், எதை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வேனைப் பிடித்து மஞ்சக்குப்பம் டாக்டரிடம் கொண்டுபோனேன். ரத்தம் எடுத்தார், குளுக்கோஸ் ஏற்றினார், உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, ஏதாவது நடந்ததா என்றார். துணியைத் துவைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு, இனிமேல் நீதான்மா பார்த்துக்கணும் என்றார். எந்த வேலைக்காகப் படிப்பை விட்டேனோ அந்த வேலை என் மடியில் கிடந்தது. சிரிஞ்சில் கஞ்சித் தண்ணீரை ஏற்றி, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். போகாமல் கூட இருப்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தவள், போகாமல் கூட இருந்த ஒருவரைத் துரத்தியிருக்கிறேன் என்று ஒவ்வொரு சொட்டுக்கும் தோன்றியது.

துவைத்த ஏழாம் நாள் டீச்சர் வந்தார். சென்னையிலிருந்து நேராக வந்த கார். கருமாதிக்கு இன்னும் நாள் இருந்தது. மருமகன் அஸ்திப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். டீச்சர் இறங்கிக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். தீட்டோடு உள்ளே வரக்கூடாது, அதை இங்கே அழைத்து வா என்றார். நெற்றி வெறுமையாக இருந்தது. ஐந்து மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார். அம்மாதான் போய்க் கேட்டை அகலத் திறந்து, அதெல்லாம் ஒன்றுமில்லை உள்ளே வாங்க என்று கையைப் பிடித்தாள். அவர் அசையவில்லை.

மச்சானைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். கீழே விட்டதும் தள்ளாடி டீச்சரிடம் போனது. புடவையை மோந்து, கையை நக்கியது, வால் ஆடியது. பிறகு அவரைத் தாண்டிப் போய்க் காரைப் பார்த்தது. திறந்திருந்த கதவு வழியாகத் தலையை நீட்டி, மருமகனின் காலை மோந்தது. அவர் மடியில் இருந்த பையை மோந்தது. அங்கே அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தலையை வெளியே எடுத்து, காரின் மறுபக்கம் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து டீச்சரின் காலடியில் படுத்துவிட்டது.

டீச்சர் அழவில்லை. அவருடைய கைலி கொடுத்தோமே, அது இருக்கா என்று என்னிடம் கேட்டார். அங்கே இருந்ததையெல்லாம் மகள் மெஷினில் போட்டு எடுத்து, யார் யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். அது பாவம் பிள்ளை பெற்ற உடம்பு, ஏதோ ஒன்று செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று அலைந்தது, நான் தடுக்கவில்லை என்றார். மடித்து வைத்திருந்த கைலியை எடுத்து வந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். வைத்தது வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். எடுத்தபோது என்னைப் பார்த்தார்.

பொய் சொல்லியிருக்கலாம். நாய் அசுத்தம் பண்ணிவிட்டது என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஐந்தே முக்காலுக்கு மச்சான் கேட்டில் நின்றது, வாலாட்டியது, யாரோடோ சேர்ந்து நடந்து வந்தது, எல்லாம். பயந்துவிட்டேன் டீச்சர், அவர் வருகிறார் என்று நினைத்துத் துவைத்துவிட்டேன் என்றேன்.

"வந்தா வந்துட்டுப் போறாரு. யாரு வேணாம்னா?" என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு சொன்னார், "அங்க எங்கிட்ட ஒரு நாளுகூட வரலம்மா."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டீச்சர் கைப்பையைத் திறந்து, காற்றுப் போகாமல் மூடுகிற பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தார். உள்ளே அந்தக் குரங்குக் குல்லா இருந்தது. சார் கடைசியாக நடக்கப் போனபோது போட்டிருந்தது, ஆஸ்பத்திரியில் டீச்சர் கையில் கொடுத்தார்களாம். மகளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் திறப்பாராம், வாசனை தீர்ந்துவிடும் என்று. கவரைப் பிரித்து, தான் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து குல்லாவை மச்சானின் முன்னால் வைத்தார். நான் வேண்டாம் டீச்சர் என்றேன். எச்சில் படும், கடித்துப் போட்டுவிடும், உங்களுக்கு வேறு ஒன்றும் இல்லையே என்றேன்.

"அவரு போய்ட்டாருன்னு எனக்குச் சொல்லிட்டாங்க. இவனுக்கு யாரு சொல்றது?"

மச்சான் குல்லாவுக்குள் மூக்கை நுழைத்தது. விலா எலும்பு தெரிகிற அந்த உடம்பு ஏறி ஏறி இறங்கியது. அப்படியே வெகுநேரம் மூச்சு விட்டது. டீச்சரும் குனிந்து, அதன் தலைக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டார். தீட்டு என்று வெளியே நின்றவர், ரோட்டு மண்ணில் நாயோடு தலை சேர்த்துக் கிடந்தார். அம்மா தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்தாள். டீச்சர் விரலில் எடுத்து நீட்டினார். முதல் வாய் கீழே விழுந்தது. இரண்டாவது வாயை அது நக்கித் தின்றது.

மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, நீ டாக்டராயிருந்தாலும் துவைத்திருப்பாய் என்றார். அவர் சொன்ன ஆறுதல் அது ஒன்றுதான். அது ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மச்சான் இப்போதும் டீச்சரோடு இருக்கிறது. அவர் எங்காவது போக வேண்டியிருந்தால் என்னிடம்தான் விடுகிறார், துவைக்காத புடவை ஒன்றோடு. குல்லாவில் இப்போது மச்சான் வாசனை மட்டும்தான் இருக்கிறது என்று ஒரு முறை சொன்னார்.

கைலியை அவர் எடுத்துப் போகவில்லை. அன்றைக்குக் காரில் ஏறும்போது நீட்டினேன். உங்கிட்டயே இருக்கட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அலமாரியின் மேல் தட்டில் மடித்து வைத்திருக்கிறேன். சோப்பு வாசனையும் போய்விட்டது. ஐந்தே முக்கால் ஆனால் நாய்களையெல்லாம் அறைகளில் விட்டுத் தாழ் போட்டுவிட்டு, கைலியை எடுத்து முற்றத்தில் போடுகிறேன், கேட்டைத் திறந்து வைக்கிறேன். அம்மா ஏன் என்று கேட்பதில்லை. இருட்டுகிற வரை உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரும் வரவில்லை.